சொல்லாமல் போன பொம்மை: செட்டிகுளத்திலிருந்து உடையார்கட்டு வரை

இந்தப் பயணத்துக்குக் காரணம் பொறாமை. கள ஆய்வு என்றுதான் பல்கலைக்கழகத்தில் எழுதிக் கொடுத்தேன், அதுவும் பொய்யில்லை. ஆனால் கொளுத்துகிற மார்ச் மாத வெயிலில், இரண்டு பொம்மைகளையும் ஒரு பால்மாப் பேணியையும் பையில் போட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு என்னைத் துரத்தியது வேறு யாருமல்ல, செல்வராணிதான். பெயரை மாற்றியிருக்கிறேன். உண்மைப் பெயரைப் போட்டால் இந்தப் பதிவாலும் அவளுக்கே புகழ் வந்துவிடும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்பதைச் சின்னப் பிள்ளைகள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. அதற்கு எல்லா நாடுகளிலும் செய்கிற ஒரு பொம்மைச் சோதனை உண்டு. மாலா என்ற பொம்மை தன் ரொபி மிட்டாயைத் தகரப் பேணிக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறது. அது இல்லாத நேரம் கீதா என்ற பொம்மை ரொபியை எடுத்துப் பனையோலைப் பெட்டிக்குள் மாற்றி வைக்கிறது. மாலா திரும்பி வந்தால் ரொபியை எங்கே தேடும்? பேணிக்குள் என்று பிள்ளை சொன்னால், மாலாவின் மனதில் இருப்பது வேறு, தனக்குத் தெரிந்தது வேறு என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. பெட்டிக்குள் என்று சொன்னால் இன்னும் விளங்கவில்லை. நாலரை ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் பாடம்.

செல்வராணியும் நானும் ஒரே மேற்பார்வையாளரிடம் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவள் சோதித்த வன்னிப் பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கிறபடியே பதில் சொன்னார்கள். நான் சோதித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெட்டி, பெட்டி, பெட்டி என்றார்கள். அவள் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்க் குளிர்சட்டையோடு படம் போட்டாள். நான் அந்தப் படத்துக்கு இதயம் போட்டேன். போட்ட விரலை வெட்டி எறியலாம் போலிருந்தது.

பயணத்துக்கு முதல் வாரம் எங்கள் மேற்பார்வையாளர் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "இந்த முறையும் சரிவராட்டி உங்கட தலைப்பை விடுவம். செல்வராணியின்ர ஆய்வில உதவியாளராச் சேருங்கோ. அவாட்டப் படிக்க நிறைய இருக்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிந்தது. செல்வராணியின் பொம்மைகளை அவளுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு திரிகிற என்னை மனதில் பார்த்தேன். 

ஆகவே இந்தப் பயணத்தில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று, அதே சோதனையை மூன்று முன்பள்ளிகளில் திரும்பவும் செய்வது. மற்றதை யாரிடமும் சொல்லவில்லை. செல்வராணி பிள்ளைகளுக்குப் பதிலைச் சொல்லிக்கொடுத்துத்தான் செய்வித்தாளா என்று மெல்ல விசாரிப்பது.

முதல் நாள்: செட்டிகுளம்

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு அதிகாலை ஐந்தரை பஸ் எடுத்தேன். ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து கிலோமீற்றர், மூன்றரை மணித்தியாலம். அறுவடை முடிந்த காலமாதலால் வழியெல்லாம் தார் வீதியின் ஒரு பக்கத்தைக் காயப்போட்ட நெல் பிடித்திருந்தது. சாரதி அதன்மேல் ஏறாமல் வளைத்து வளைத்து ஓட்டினார். வவுனியாவில் தேத்தண்ணியும் இரண்டு ரோல்சும் முடித்து, மன்னார்ப் பக்கம் போகிற பஸ்ஸில் செட்டிகுளம் போனேன். அது முப்பது கிலோமீற்றரளவில், ஒரு மணித்தியாலம்.

தங்குமிடம் செல்வராணி வீட்டில். ஆம், அவள் வீட்டில்தான். நான் போவதாகக் கேள்விப்பட்டதும் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே தானாகவே ஒழுங்கு செய்துவிட்டாள். மறுத்தால் பொறாமை என்று தெரிந்துவிடும், ஒத்துக்கொண்டால் கடன்பட்டதாகிவிடும். ஒத்துக்கொண்டேன்.

அவளுடைய அம்மா படலையடியில் நின்றார். அவர்கள் தோட்டப் பகுதியிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம், பேச்சில் இன்னும் மலையகம் இருக்கிறது. "வாங்க பிள்ளை, வெயில்ல கறுத்துப்போய் வாறீங்க. மூஞ்சியக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க. ஒங்களப் பத்தித்தான் ராணி எந்த நேரமும் பேசும்" என்றார். என்ன பேசுவாள் என்று கேட்கவில்லை. என் பெட்டி, பெட்டி, பெட்டியைப் பற்றித்தான் பேசிச் சிரித்திருப்பாள் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

சாப்பிட்ட பிறகு அம்மா அலுமாரியைத் திறந்து இரண்டு துணிப் பொம்மைகளை எடுத்தார். செல்வராணி சோதனைக்குப் பாவித்தவை, அம்மாவே தைத்தவை. என்னுடையவை கடையில் வாங்கியவை, ஒன்றுக்கு ஒரு கண் கழன்று போயிருந்தது. அம்மாவின் பொம்மைகளுக்குப் பின்னலும் ரிபனும் இருந்தன.

"ராணி இந்தா இப்பிடித்தான் செய்யும்" என்று அம்மா கதிரையில் அமர்ந்து முழுச் சோதனையையும் நடித்துக் காட்டினார். ஒரு பொம்மை ரொபியை வைத்தது. "போயிட்டு வாறேன்" என்று கீச்சுக் குரலில் சொல்லித் தலையை ஆட்டியது. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனது. மற்றது திருட்டு முழி முழித்துக்கொண்டு ரொபியை மாற்றியது. நான் சிரித்தேன். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ரிபன்களையும் நெருக்கமான தையலையும்தான். இப்படி ஒரு அம்மா இருந்தால் நானும் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போயிருப்பேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை முன்பள்ளியில் சோதனை. பிள்ளைகள் துருதுருவென்று இருந்தார்கள், பொம்மையின் பெயரைக் கேட்டார்கள், கண் எங்கே என்று கேட்டார்கள். மாலா எங்கே தேடும் என்று நான் கேட்டதும் பெட்டியைக் காட்டினார்கள். இடைவேளையில் அங்கிருந்த ரீச்சரிடம், செல்வராணி வந்தபோது முன்கூட்டியே ஏதும் பழக்கினாளா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"இல்லையே. அவா வந்து பிள்ளையளோட இருந்து விளையாடினவா. பிறகு ஒவ்வொராளாக் கூப்பிட்டுக் கேட்டவா, அவ்வளவுதான். நல்ல பிள்ளை" என்றார் ரீச்சர்.

நல்ல பிள்ளை. அந்த ஊரில் அவளைப் பற்றிக் கதைத்த எல்லோரும் கடைசியில் அதைச் சொல்லித்தான் முடித்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செல்வராணி வீட்டுக்கு ஓடிப்போய்ப் பையை எடுத்தேன். அம்மா பின்வளவில் கிணற்றடியில் நின்றார். கூப்பிட்டால் கட்டுச்சோறு, மோர் என்று இன்னும் அரை மணித்தியாலம் போகும். மெல்லப் படலையைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்: மாங்குளம்

வவுனியாவுக்குத் திரும்பி, ஏ-ஒன்பது வீதியில் வடக்கே நாற்பத்தைந்து கிலோமீற்றர் வந்தால் மாங்குளம். சந்தியில் சாப்பாட்டுக் கடைகள் நிறைய. மத்தியானச் சோறு, மரக்கறியோடு நன்றாக இருந்தது. புகையிரத நிலையமும் இருப்பதால், வெயிலில் பஸ் வேண்டாம் என்பவர்கள் ரயிலில் வரலாம், ஆனால் நேரத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல்வராணியிடமிருந்து குரல்பதிவு வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, நீங்க சொல்லாமப் போயிட்டீங்களாம். அம்மா நீங்க வீட்டுலதான் இருக்கீங்கன்னு நெனச்சு, தேத்தண்ணி போட்டு வச்சிட்டு, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடியிருக்கு. கோவமெல்லாம் இல்லக்கா. பயந்திருச்சு, அவ்வளவுதான்."

என்னைவிட ஆறு மாதம் இளையவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த அக்காவைக் கேட்டாலே எனக்குப் பிடரி சுடும். மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் அனுப்பினேன். பிறகு முன்பள்ளிக்குப் பொறுப்பான ரீச்சரை வீட்டில் சந்தித்து, மறுநாளுக்கு ஒழுங்கு செய்து, அவர் காட்டிய ஒரு சிறிய விடுதியில் தங்கினேன். மின்விசிறி உண்டு, நுளம்புவலையும் உண்டு, தண்ணீர் மட்டும் காலை எட்டு மணிக்குப் பிறகு வரும்.

மறுநாள் காலை மாங்குளத்துப் பிள்ளைகளும் பெட்டி என்றார்கள். ஒரு பொடியன் சொல்லிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். இவ்வளவு சின்னக் கேள்வியையா கேட்க வந்தீர்கள் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. வெளியே வந்து வேப்பமர நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன். உதவியாளர் வேலைக்கு மாதம் எவ்வளவு தருவார்கள் என்று மேடத்திடம் கேட்க வேண்டிவரும் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும்: உடையார்கட்டு

மாங்குளத்திலிருந்து உடையார்கட்டுக்கு இரண்டு வழி. ஒட்டுசுட்டான் பக்கத்தால் போய்ப் புதுக்குடியிருப்பால் திரும்பலாம். அல்லது கிளிநொச்சி, பரந்தன் போய், அங்கிருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் தருமபுரம், விசுவமடு தாண்டி இறங்கலாம். தூரம் கூடினாலும் இரண்டாவது வழியில் பஸ் அதிகம் என்று எல்லோரும் சொன்னதால், மாங்குளத்தில் இன்னும் ஓர் இரவு தங்கி, விடியப்புறமே கிளம்பி அதைத்தான் எடுத்தேன். பஸ் மாற்றி, காத்திருந்து, இரண்டரை மணித்தியாலம் ஆனது. இறங்கிய இடத்திலிருந்து முன்பள்ளிக்கு ஓட்டோ முந்நூறு ரூபா.

ஓட்டோக்காரர் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த பொம்மையைக் கண்டுவிட்டார். "பொம்மை விக்க வந்தனீங்களோ?" என்றார்.

"இல்லை அண்ணை, பிள்ளையளைச் சோதிக்க."

"அதுகள் உங்களைச் சோதிக்காட்டிச் சரி" என்றார்.

முன்பள்ளி ரீச்சரின் பெயர் அனுஷா. பிள்ளைகள் பத்தொன்பது பேர். அன்று மதியத்துக்குள் பாதிப் பேரைச் சோதித்து முடித்தேன். விடை உங்களுக்கே தெரியும். அதில் தர்சிகா என்று ஐந்து வயதுப் பிள்ளை, முன்பல் இல்லாதவள், பெட்டியைக் காட்டியதோடு நிற்காமல் "மாலாக்குத் தெரியும்தானே" என்றும் சொன்னாள். மிச்சப் பேரை நாளைக்குப் பார்ப்போம் என்று எல்லாவற்றையும் பைக்குள் போட்டேன். "சரி பிள்ளையள், போட்டு வாறன்" என்று சொல்லி விடைபெற்று வெளியே இறங்கினேன்.

வீதிக்கு வந்ததும் வெயில் தலையில் அறைந்தது. குடையை விட்டுவிட்டேன். காலையில் வந்தவுடன் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தது. திரும்பி உள்ளே போனேன். அனுஷா ரீச்சர் பின்னால் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அம்மாமாருக்காகப் பாயில் காத்திருந்தார்கள். நான் உள்ளே கால் வைத்ததும் எல்லோரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தர்சிகா பக்கத்தில் இருந்த பிள்ளையின் காதுக்குள், எனக்கும் கேட்கிற சத்தத்தில், இரகசியம் சொன்னாள். "குடை கதவுக்குப் பின்னால இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு வாறா."

கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். குடை இல்லை. நான் போனதும் ரீச்சர் அதைக் கண்டு, பிள்ளைகள் விரித்து விளையாடுவார்கள் என்று அலுமாரிக்குள் எடுத்து வைத்திருக்கிறார். ரொபி, பேணி, பெட்டி எல்லாம் அப்படியே. பொம்மைக்குப் பதிலாக நான். சோதனையில் பிழை விட்ட அத்தனை பிள்ளைகளும் என் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று அச்சொட்டாகத் தெரிந்துகொண்டு சிரிக்கிறார்கள்.

தர்சிகாவின் முன்னால் முழங்காலில் அமர்ந்தேன். "நான் குடையை எங்க தேடுவன்?"

"கதவுக்குப் பின்னால."

"ஏன் அங்க?"

"நீங்க அங்கதானே வச்சனீங்க. ரீச்சர் அலுமாரிக்குள்ள வைக்கேக்க நீங்க இல்லை."

"அப்ப மாலா? கீதா ரொபியை மாத்தேக்க மாலாவும் இல்லைத்தானே?"

தர்சிகா என்னை விளங்காமல் பார்த்தாள். "மாலா போகேல்லை."

"போனவாதானே. நான் மேசைக்குக் கீழ வச்சனான்."

"அவா போட்டு வாறன் எண்டு சொல்லேல்லை. சொல்லாம ஆர் போறது? மேசைக்குக் கீழ ஒளிச்சு நிண்டு பாத்தவா." பிறகு, எனக்கு உதவி செய்வது போல, "நீங்க சொல்லிப்போட்டுப் போனீங்கள். அதால உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. பிறந்த நாளிலிருந்து ஒருநாளும் போறன் என்று சொல்லிப் படி இறங்கியதில்லை, சொல்லாமலும் இறங்கியதில்லை. கடைக்குச் சீனி வாங்கப் போனாலும் போட்டு வாறன்தான். செட்டிகுளத்தில் ஒரே ஒருமுறை சொல்லாமல் கிளம்பினேன், அதற்கே ஒரு மனுஷி வீடு முழுக்க என்னைத் தேடினார். ஆனால் சோதனையை எழுதும்போது ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி, மாலா வெளியே செல்கிறாள் என்று எழுதினேன். பொம்மையைக் கையில் பிடித்து வாசித்தேன். வாயே திறக்காமல் மேசைக்குக் கீழே போன பொம்மையைப் பார்த்தால், எங்கள் பிள்ளைகள் அது ஒளித்து விளையாடுகிறது என்றுதானே நினைப்பார்கள்.

குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் செல்வராணியின் அம்மா ஞாபகம் வந்தார். கீச்சுக் குரல். தலையை ஆட்டியது. போயிட்டு வாறேன். ரிபனைப் பார்த்துப் புகைந்துகொண்டிருந்த எனக்கு அது காதில் விழுந்தும் விழவில்லை. அவள் யாரையும் பழக்கவில்லை. அவள் பொம்மை முறையாகச் சொல்லிக்கொண்டு போனது, அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்திலும் எனக்கு அவளில் எரிச்சல்தான் வந்தது. யோசிக்காமலே எப்படி அவளுக்கு எல்லாம் சரியாக அமைகிறது?

அன்று இரவு அனுஷா ரீச்சர் வீட்டில் தங்கினேன். காலையில் மிச்சமிருந்த பிள்ளைகளுக்குச் சோதனை. மாலா ரொபியை வைத்தாள். "கீதா, நான் போட்டு வாறன்" என்றாள். ஒரு கண் இல்லாத மாலா அவ்வளவு மரியாதையாக விடைபெற்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவரைத் தவிர எல்லோரும் பேணியைக் காட்டினார்கள். அந்த ஒருவர் ரொபி தனக்கு வேண்டும் என்று அழுதார்.

முன்பள்ளி வாசலிலிருந்தே மேடத்துக்கு அழைத்துச் சொன்னேன்.  "பாதிப் பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டுப் போற பொம்மை, பாதிப் பேருக்குச் சொல்லாமப் போற பொம்மை. இனி இதுதான் உங்கட தலைப்பு. ஒருத்தருக்கும் உதவியாளரா நீங்கள் போகத் தேவையில்லை" என்றார். நான் அந்த வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தேன். கிணற்றில் தண்ணீர் அள்ளிய ஒரு பெண் திரும்பிப் பார்த்தார்.

திரும்பும் வழி

பரந்தனில் யாழ்ப்பாண பஸ் ஏறினேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஆனையிறவை நெருங்கும்போது செல்வராணிக்கு அழைத்தேன். நன்றி சொல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வெற்றியை அவளைக் கேட்க வைக்கத்தான் அழைத்தேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு, குடையிலிருந்து தர்சிகா வரை, மேடம் சொன்னது வரை, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

 "நான் அத யோசிக்கவே இல்லக்கா" என்றாள். "பொம்ம வெளிய போகும்போது தானா வாயில வந்திருச்சு. அவ்வளவு பிள்ளைங்களப் பாத்தும் எனக்குத் தெரியல."

"அதுதான்" என்றேன். 

மறுமுனையில் சத்தமில்லை. அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரிந்த மௌனம். குளிர்சட்டைப் படத்துக்கு இதயம் போடுவதற்கு முன்னால் நான் அப்படித்தான் இருந்தேன். இரண்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவள். அவள் மனதில் என்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று முதல் தடவையாக எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், பளை வரும்வரைக்கும் அது இனித்தது. "நல்லதுக்கா" என்றாள். அதோடு தொடர்பு நின்றது.

வன்னிக்கு இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். முன்பள்ளிகள் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரைதான், ஆகவே முதல் நாளே ஊருக்குப் போய்விடுங்கள். அனுமதிக் கடிதத்தில் பல பிரதிகள் வைத்திருங்கள், பெற்றோரிடமும் கேளுங்கள். பங்குனி வெயிலுக்குக் குடை கட்டாயம், ஆனால் வைத்த இடத்தை நம்பாதீர்கள். உள்வீதிகளில் பின்னேரம் பஸ் குறைவு, ஓட்டோ எடுப்பதானால் ஏறுமுன் காசு கதையுங்கள். பொம்மைக்கு இரண்டு கண்ணும் இருந்தால் நல்லது. யாருடைய வீட்டில் தங்கினாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், அவர்களைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செல்வராணி எப்போதும் "வைக்கவாக்கா" என்று கேட்டு, நான் ஓம் என்ற பிறகுதான் தொலைபேசியை வைப்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை. பஸ்ஸில் திரையைப் பார்த்தேன், சிக்னல் முழுதாக இருந்தது. அழைப்பு முடிந்தது என்று காட்டியது. ஒரு கிழமையாகிறது, நானும் அழைக்கவில்லை. தினமும் ஒரே அறையில்தான் வேலை செய்கிறோம், அவள் குனிந்தபடி இருக்கிறாள். தர்சிகாவிடம் கேட்டால், அவா சொல்லேல்லைத்தானே, போகேல்லை, மேசைக்குக் கீழ நிண்டு உங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறா என்பாள்.